‘கடலின் ட்ரைட்டன்’: வென்ற பிறகு பகைவனின் ஊரைப் பார்த்த சிறுவன்

1972 ஏப்ரல் 1, சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு புதிய கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. பெயர் ‘உமி நோ டொரிட்டன்’, அதாவது ‘கடலின் ட்ரைட்டன்’. பச்சைத் தலைமுடி கொண்ட 13 வயதுச் சிறுவன், அவனை முதுகில் ஏற்றிச் செல்லும் ஒரு வெள்ளை டொல்பின், ஒரு சிறிய கடற்கன்னி, வாய் ஓயாத மூன்று இளம் டொல்பின்கள், எல்லாம் தெரிந்த ஒரு கிழட்டுக் கடலாமை. ஏழு கடல்களிலும் சாகசம், புதிது புதிதாய் அரக்கர்கள். செப்டெம்பர் 30 ஆம் திகதி 27 ஆவது அத்தியாயத்துடன் தொடர் முடிந்தது. முதல் 26 அத்தியாயங்கள் மட்டும் இருந்திருந்தால் இதை இன்று எவரும் தேடிப் பார்க்கமாட்டார்கள். கடைசி அரைமணி நேரம்தான் இதை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசவைக்கிறது.

அந்த முடிவைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றி எழுதுவதில் பயனில்லை. ஆகவே சொல்லிவிடப்போகிறேன். முதலில் தானே பார்க்க விரும்புபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இதைச் சிறுவயதில் பார்த்த நினைவு எவருக்கும் இருக்க வாய்ப்பில்லை. 1972 இல் இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது. முதல் ஒளிபரப்பு 1979 இல்தான் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் என் வயதில் பலருக்கு அதன் பிறகும் மின்சாரம் இருந்த நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம். நான் இந்தத் தொடருக்கு வந்தது பின்வாசல் வழியாக. ஊடகக் கற்கை மாணவியாக இருந்தபோது போரைச் சித்திரிக்கும் ஜப்பானிய அனிமேஷன் பற்றி ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. ‘கண்டாம்’ தொடரின் இயக்குநர் அதற்கு முன் என்ன செய்தார் என்று தேடிப்போனபோது இந்த டொல்பின் கதை அகப்பட்டது. அப்போது ஆங்கில உபதலைப்புகளுடன் பார்த்தேன். அண்மையில் மீண்டும் முதல் அத்தியாயத்திலிருந்து முழுவதையும் பார்த்தேன்.

மூலக்கதை ஒசாமு தெசூக்காவுடையது. ‘அஸ்ட்ரோ போய்’ படைத்தவர், ஜப்பானிய சித்திரக்கதை உலகின் பிதாமகர் எனப்படுபவர். பதின்ம வயதில் ஒசாக்கா நகரம் குண்டுவீச்சில் எரிந்ததைக் கண்ணால் கண்டவரும்கூட. 1969 செப்டெம்பர் முதல் 1971 டிசெம்பர் வரை ‘சங்கெய் ஷிம்புன்’ நாளேட்டில் அவர் இதை ‘நீல ட்ரைட்டன்’ என்ற பெயரில் வரைந்தார். அந்தக் கதையில் ட்ரைட்டன் வளர்கிறான், கடற்கன்னியை மணக்கிறான், பிள்ளைகள் பெறுகிறான். தலைமுறைகளைக் கடந்து செல்லும் குடும்பக் கதை அது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது கதை வேறாகிவிட்டது. தெசூக்காவின் நிறுவனமான மூஷி அப்போது நிதி நெருக்கடியில் இருந்தது, 1973 இல் முறிந்தும் போனது. ட்ரைட்டனைத் தயாரிக்கும் பொறுப்பு யொஷினோபு நிஷிசாக்கியிடம் போனது. இயக்கியவர் யொஷியுக்கி டொமினோ. 1964 முதல் மூஷியில் வேலை பார்த்து, ‘அஸ்ட்ரோ போய்’ அத்தியாயங்களை எழுதியும் இயக்கியும் பழகிய முப்பது வயதுக்காரர். ஒரு முழுத் தொடரின் தலைமை இயக்குநராக அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. தொலைக்காட்சித் தொடரில் தன் பங்கு மூலக்கதை ஆசிரியர் என்பதோடு முடிந்துவிட்டதாகத் தெசூக்கா பின்னர் எழுதினார். அதில் கொஞ்சம் மனக்குறையும் இருந்திருக்கலாம்.

கதை இப்படித் தொடங்குகிறது. ஜப்பானியக் கடற்கரைக் கிராமம் ஒன்றில், கரையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையை இப்பெய் என்ற முதிய மீனவர் வளர்க்கிறார். தலைமுடி பச்சை. ஊர்ப் பிள்ளைகள் அதற்காகவே அவனை ஒதுக்குகிறார்கள். 13 வயதில் ஒரு வெள்ளை டொல்பின் வந்து அவனோடு பேசுகிறது. அதன் பெயர் ரூக்கா. ஜப்பானிய மொழியில் டொல்பினுக்கு ‘இருக்கா’ என்று பெயர், அதன் ஒலிதான் இது. ரூக்கா சொல்லும் செய்தி: நீ மனிதப் பிள்ளை அல்ல, ட்ரைட்டன் குலத்தின் கடைசி வாரிசு. உன் குலத்தைப் பொசைடன் குலம் கொன்றழித்தது. உன் தாய் தந்தையரும் அவர்களால்தான் செத்தார்கள். உனக்கென்று விட்டுச் சென்றது இந்த உடையும் ஒரு குறுவாளும்.

குறுவாள் ஒரிகால்கம் என்ற உலோகத்தால் ஆனது. அத்லாந்திஸ் என்ற மூழ்கிய நாட்டைப் பற்றி எழுதிய கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ, அங்கே பொன்னுக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட உலோகம் என்று குறிப்பிடும் பெயர் அது. தொடரில் அந்த வாளை உருவினால் ஒளி பாய்கிறது, எதிரே நிற்கும் எதுவும் அழிகிறது. கிரேக்கப் புராணத்தில் ட்ரைட்டன் கடற்கடவுள் பொசைடனின் மகன். தொடர் இந்த உறவைத் தலைகீழாக்கிப் பரம்பரைப் பகையாக மாற்றியிருக்கிறது. தகப்பனும் மகனுமாக இருந்திருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணம் கடைசி அத்தியாயத்தைப் பார்க்கும்போது எனக்கு வந்துபோனது. அதை இயக்குநர் நினைத்துச் செய்தாரா என்பது வேறு கேள்வி.

சிறுவன் தன்னால் கிராமத்துக்கு ஆபத்து என்று தெரிந்ததும் இப்பெய்யை விட்டுக் கடலுக்குப் போகிறான். போகும் வழியில் வடகடலில் கடல்விலங்குகளிடையே வளர்ந்த பிபி என்ற கடற்கன்னியைச் சந்திக்கிறான். அவனைத் தவிர அந்தக் குலத்தில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். மெடோன் என்ற ஆமை அவனுக்குக் குலத்தின் கதையைச் சொல்கிறது. பொசைடன் தன் தளபதிகளை ஒவ்வொரு கடலிலும் ஏவிவிட, ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டு அத்லாந்திக்கை நோக்கி முன்னேறுகிறான்.

இந்த நடுப்பகுதி சீரானதல்ல. சில அத்தியாயங்கள் அலுப்பூட்டும். அக்காலத் தொலைக்காட்சி அனிமேஷனில் செலவைக் குறைக்க விநாடிக்கு எட்டுப் படங்கள் வரைந்து ஒப்பேற்றுவார்கள், ஒரே அலை பல தடவை வந்துபோகும். பிபியை முக்கால்வாசி நேரம் சண்டைபிடிக்கவும் அழவும் மட்டும் விட்டிருப்பது எரிச்சலாக இருக்கிறது. ஆனால் கடல்விலங்குகளை வரைந்த விதத்தில் அக்கறை தெரிகிறது. டொல்பின்கள் பேசினாலும் டொல்பின்களாகவே நீந்துகின்றன. மூச்செடுக்க மேலே வருகின்றன, களைக்கின்றன, காயப்படுகின்றன, சாகின்றன. ட்ரைட்டனுக்காகச் செத்த விலங்குகளை அடுத்த வாரம் உயிரோடு கொண்டுவருவதில்லை. ஹிரோமாசா சுசுக்கி என்ற ஜாஸ் பியானோக் கலைஞரின் இசை, சிறுவர் நிகழ்ச்சிக்கு எவரும் எதிர்பார்க்காத ஒரு தவிப்பைக் கொண்டுவருகிறது.

பகைவர்கள் யார்? பாதித் தொடர் வரை அவர்கள் உருவமே விகாரமானது. பொசைடன் ஓர் ஆள்கூட அல்ல, பேசும் ஒரு பிரமாண்டமான சிலை. அதன் கட்டளையை ஏற்று வருபவர்கள் அரக்கர்கள். கொன்றால் குற்றமில்லை என்று பார்க்கும் பிள்ளைக்குத் தோன்றும்படிதான் எல்லாம் வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரில் முதல் விரிசல் ஹெப்டபோடா என்ற பெண். பொசைடன் தரப்புப் போராளி. சிறையில் கிடந்தவளை, ட்ரைட்டனைக் கொன்றால் விடுதலை என்று சொல்லி அனுப்புகிறார்கள். கடலடி இருட்டில் வளர்ந்த அவளுக்கு வெயிலைக் காணவேண்டும் என்ற ஆசை. சிறுவனோடு மோதுகிறாள், பேசுகிறாள், பிறகு அவனைக் கொல்ல மறுக்கிறாள். அதற்கான விலையை உயிரால் கொடுக்கிறாள். ட்ரைட்டன் அவளுக்காக வருந்துகிறான், ஆனால் அவள் ஏன் இருட்டில் வளர்ந்தாள் என்று கேட்பதில்லை. நானும் முதல் தடவை பார்த்தபோது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் கடைசி அத்தியாயம்.

‘அத்லாந்திக்கில் சூரியன் மீண்டும் உதிக்கிறது’ என்பது 27 ஆவது அத்தியாயத்தின் தலைப்பு. நல்ல முடிவு வரப்போகிறது என்று நம்பவைக்கும் தலைப்பு. பொசைடனின் தளபதிகள் தோற்றுவிட்டார்கள். சிலை அவனைத் துரத்துகிறது. ட்ரைட்டன் கடலின் அடியில் பகைவரின் கோட்டைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது கோட்டை அல்ல, ஊர். வீதிகளும் வீடுகளும் உள்ள ஊர். அதில் சாதாரண மக்கள் விழுந்து கிடக்கிறார்கள். எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

அங்கே ஒரு சங்கு இருக்கிறது. அதிலிருந்து ஒரு குரல் பேசுகிறது. செத்துப்போன அந்தச் சனங்களின் குரல். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அத்லாந்திஸ் மக்கள் தங்களைப் பலிகொடுத்தார்கள் என்கிறது. அந்த அத்லாந்திஸ் மக்களின் வழித்தோன்றல்களே ட்ரைட்டன் குலம். பலியிடப்பட்டவர்களில் உயிர் தப்பியவர்கள் பொசைடன் சிலையின் சக்தியை வைத்துக்கொண்டு கடலடியில், வெளிச்சம் இல்லாத இடத்தில், தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். ட்ரைட்டனின் குறுவாளுக்கும் அந்தச் சிலைக்கும் ஒன்றையொன்று இழுக்கும் சக்தி. வாள் உருவப்பட்டால் சிலை இடம்பெயரும். சிலை இடம்பெயர்ந்தால் அதன் சக்தியில் உயிர்வாழும் சனங்கள் சாவார்கள். ஆகவேதான் ட்ரைட்டன் குலத்தில் எவரும் மிஞ்சக்கூடாது என்று அவர்கள் கொன்றார்கள். இப்போது அவன் வாளை உருவிக்கொண்டு வந்துவிட்டான். சிலை நகர்ந்துவிட்டது.

சிறுவன் ஏற்க மறுக்கிறான். தொடக்கியது நீங்கள்தானே என்று வாதாடுகிறான். அவனுக்குத் தெரிந்த வரலாற்றின்படி அது உண்மை. அவன் தாய் தந்தையரைக் கொன்றது இவர்கள்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பதில் சொல்ல உயிரோடு எவரும் இல்லை. வாளும் சிலையும் மோதி அழிகின்றன. கடல் கொந்தளிக்கிறது. சூரியன் உதிக்கிறது. ட்ரைட்டன் ரூக்காவின் முதுகில், பிபியோடும் டொல்பின்களோடும் எங்கோ போகிறான். அவன் முகத்தை நாம் அருகில் பார்க்க விடுவதில்லை. வெற்றிவிழா இல்லை, இப்பெய்யின் வீட்டுக்குத் திரும்புவதில்லை, எவரும் ஆறுதல் சொல்வதும் இல்லை.

இந்த முடிவு தெசூக்காவின் கதையில் கிடையாது. தன் முடிவாகவே இதைச் செய்ததாக டொமினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1972 இல் இரவு 7 மணிக்கு, சாப்பாட்டுத் தட்டோடு இருந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறார்கள்.

குறை சொல்ல இடமுண்டு. 26 வாரங்களாகக் கட்டிய கதையைப் புரட்டிப்போடும் உண்மை ஒரு சில நிமிடங்களில், ஒரு குரலின் வாயால் வந்துவிடுகிறது. ஓராண்டுக்குத் திட்டமிட்ட தொடர் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்து அரையாண்டில் நிறுத்தப்பட்டது, அந்த அவசரம் தெரிகிறது. பொசைடன் மக்களில் ஒரு குடும்பத்தையாவது முன்பே காட்டியிருந்தால் சங்கின் சாட்சியத்துக்கு இன்னும் கனம் வந்திருக்கும். ஹெப்டபோடா ஒருத்தியால் அந்தப் பாரம் முழுவதையும் சுமக்க முடியவில்லை.

இன்னொரு ஐயம் நமக்கு உரியது. ‘இரு தரப்பும் தவறு செய்தது’ என்ற வாக்கியத்தை 2009 க்குப் பிறகு நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது பேச்சை முடித்துவைக்கச் சொல்லப்படும் வாக்கியம். எல்லோரும் குற்றவாளி என்றால் எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. முதல் தடவை இந்தத் தொடரைப் பார்த்தபோது இதுவும் அந்த வகை என்று நினைத்து, என் ஒப்படையில் அப்படியே எழுதியும் வைத்தேன். இப்போது பார்க்கும்போது அப்படிப் படவில்லை. சங்கு எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்வதில்லை. யார், எப்போது, யாருக்கு, என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. முதலில் பலியிட்டவர்கள் அத்லாந்திஸ் மக்கள். பிறகு ட்ரைட்டன் குலத்தைக் கொன்றவர்கள் பொசைடன் மக்கள். கடைசியில் ஊரையே அழித்தது ட்ரைட்டனின் வாள். ஒவ்வொரு செயலுக்கும் செய்தவர் இருக்கிறார். ஒன்று மற்றொன்றை இல்லாமலாக்குவதில்லை. அனாதையாகக் கரையொதுங்கிய குழந்தையின் துயரம் கடைசி அத்தியாயத்திலும் பொய்யாவதில்லை, அதனால்தான் அந்தக் காட்சி அவ்வளவு பாரமாக இருக்கிறது.

ஆணைக்குழுக்களின் முன் வரிசையில் நின்று, அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன தாய்மாருக்கு அந்தச் சங்கு புரியும் என்று நினைக்கிறேன். கேட்பதற்கு ஆள் வந்துசேரும் நேரத்தில் சொன்னவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். கடலடி ஊரைப் பார்க்கும் நம் கண்ணுக்கு வேறு ஊர்களும் தெரியும். ஒடுங்கிய நிலத்துண்டில், பங்கர்களுக்குள், வெளியே போக வழியில்லாமல் இருந்த சனங்கள். இந்தத் தொடரில் நாம் முதலில் நம்மை அடையாளம் காண்பது ட்ரைட்டனிடம் அல்ல, விழுந்து கிடப்பவர்களிடம்.

ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது என்பதுதான் இரண்டாவது தடவை பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. குலத்தின் கடைசிப் பிள்ளை, இழந்த தாய் தந்தை, முன்னோரின் ஆயுதம், பகைவன் அரக்கன் என்ற பாடம்: இதுவும் நமக்குப் பழக்கமான கதைதான். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் விட்டுப்போன வீடுகளும் வீதிகளும் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊருக்குள் நடந்துபோய், அங்கே ஒரு சங்கு பேசினால் காதுகொடுத்துக் கேட்பது, நம் இழப்பை யாருக்கும் விட்டுக்கொடுப்பது ஆகாது. ட்ரைட்டன் ஓடிப்போகாமல் நின்று கேட்கிறான், மறுத்துக்கொண்டாவது கேட்கிறான். பெரியவர்கள் பலரால் முடியாத காரியம் அது.

வாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளையிடம் அதைச் சேர்ப்பவர்கள் பெரியவர்கள். ரூக்கா அன்பானது, அவனுக்காக உயிரையும் கொடுக்கக்கூடியது. மெடோன் அறிவானது. இருவரும் பொய் சொல்லவில்லை, தங்களுக்குச் சொல்லப்பட்ட கதையைச் சொன்னார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கேள்வியில் தொடர் தங்கி நிற்பதில்லை, நான் தங்கினேன். பிள்ளைகளின் கையில் ஆயுதம் போன ஒரு நிலத்தில் இருந்து பார்ப்பவர்களால் அதைக் கடந்துபோவது கடினம். போகச் சொன்னவர்களும் அன்பானவர்களாக இருந்திருக்கலாம். அந்த அன்பு வாளின் வேலையை மாற்றுவதில்லை.

ஜப்பானில் தொடர் முடிந்த கதையும் சொல்லத்தக்கது. எண்ணிக்கையில் தோற்ற தொடருக்குப் பதின்ம வயது மாணவிகள் பலர் ரசிகர் சங்கங்கள் அமைத்தார்கள். அனிமேஷனுக்காக அந்நாட்டில் உருவான மிக ஆரம்பகால ரசிகர் சங்கங்களில் இவை எண்ணப்படுகின்றன. கார்ட்டூன் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் கலைந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. 1979 இல் தொடரைத் தொகுத்துத் திரைப்படமாகவும் வெளியிட்டார்கள். ‘கோ கோ ட்ரைட்டன்’ என்ற தலைப்புப் பாடல் இன்றும் ஜப்பானியப் பாடசாலை பேஸ்போல் போட்டிகளில் பாண்ட் வாத்தியக் குழுக்களின் உற்சாகப் பாடல். அது முதலில் அத்தியாயங்களின் முடிவில்தான் ஒலித்தது, நல்ல வரவேற்பைப் பார்த்துத்தான் ஆரம்பத்துக்கு மாற்றினார்கள். மைதானத்தில் அதைக் கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கடைசி அத்தியாயம் தெரியும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

தயாரிப்பாளரும் இயக்குநரும் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை, ஆனால் வேறு வேறு வழியில் கொண்டுபோனார்கள். நிஷிசாக்கி 1974 இல் தயாரித்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடரின் இறுதிக்கட்டத்தில், பகைவரின் கிரகத்தையே அழித்துவிட்ட இளம் வீரன் இடிபாடுகளைப் பார்த்து, நாம் சண்டைபிடித்திருக்கவே கூடாது என்று கலங்குகிறான். அழகான காட்சி. ஆனால் அவன் அழுது முடித்ததும் கப்பல் புறப்பட்டுவிடுகிறது, நமக்கும் மனம் லேசாகிவிடுகிறது. எனக்கு அந்த லேசு பிடிக்கவில்லை. ட்ரைட்டனுக்கு அப்படி அழுது தீர்க்க இடம் தரப்படவில்லை.

டொமினோவின் வழி கடினமானது. 1977 இன் ‘சம்பொட் 3’ தொடரில் உலகைக் காக்கப் போராடும் குடும்பத்தை ஊர்மக்களே வெறுக்கிறார்கள், உங்களால்தான் எங்கள் வீடுகள் போயின என்கிறார்கள். அகதி முகாம்களிலிருந்து பிடித்துச் செல்லப்படும் சாதாரண மனிதர்களின் உடலில் குண்டு பொருத்தித் திருப்பி அனுப்பும் அத்தியாயங்களும் அதில் உண்டு. நம்மில் பலரால் அவற்றை முழுமையாகப் பார்க்க முடியாது, நான் இடையில் நிறுத்தித்தான் பார்த்தேன். 1979 இன் ‘கண்டாம்’ தொடரில் பகைவருக்குப் பெயரும் முகமும் வீடும் முதல் அத்தியாயத்திலிருந்தே உண்டு. ட்ரைட்டனில் கடைசி அரைமணி நேரத்தில் அவசரமாகச் சொன்னதை அங்கே 43 அத்தியாயங்களுக்கு விரித்து எழுதினார்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ட்ரைட்டனைக் காட்டலாமா என்று கேட்டால், பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்பேன். அதற்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டுவதானால் பேசப்படும் கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாகக் காட்டவேண்டாம். முன்னே உள்ள 26 ஐயும் பார்த்து, அரக்கர்கள் சாகும்போது கைதட்டியிருந்தால்தான் அந்த ஊருக்குள் ட்ரைட்டனோடு சேர்ந்து போக முடியும். பார்த்து முடிந்ததும் பக்கத்தில் யாராவது பெரியவர் இருப்பது நல்லது. என்னோடு பார்த்த பதினொரு வயதுப் பெறாமகள் கேட்ட முதல் கேள்வி ட்ரைட்டனைப் பற்றியதல்ல: “சித்தி, அந்தச் சங்குக்குள்ள பேசினவை, அவன் வாறதுக்கு முதலே ஏன் அதை வெளியில கொண்டுபோய்ச் சொல்லேல்லை?” சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஹெப்டபோடா வரும் அத்தியாயத்தைத் திரும்பப் போடச் சொன்னாள்.